லிவிஞ்ஞோ: சிக்கனப் பனிச்சறுக்குக்கு ஏற்ற ஊர்தானா?

வட இத்தாலியில், 1,816 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லிவிஞ்ஞோ. இவ்வளவு உயரம் என்பதால் ஏப்ரல் வரை பனி தாக்குப்பிடிக்கும். தாழ்வான ஊர்களில் மார்ச்சிலேயே சரிவு சேறாகிவிடும். வரிவிலக்குப் பகுதி என்பதால் பெட்ரோலும் மதுவும் மலிவு. ஆனால் வெளியே கொண்டுபோக அளவுக் கட்டுப்பாடு உண்டு.

மிலானிலிருந்து திரானோவுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து போர்மியோ வழியாகப் பேருந்து. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் டாக்ஸிக் கூலியில் பட்ஜெட்டே கவிழ்ந்துவிடும், அதனால் மதியத்துக்குள் திரானோ போய்விடுங்கள்.

சறுக்குப் பகுதி பள்ளத்தாக்கின் இரு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது. எனவே சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டின் வாசலில் அதிக வாடகைக்கு அறை எடுப்பது வீண். பேருந்து நிறுத்தத்துக்கு அருகே, சமையலறை உள்ள வீடே போதும்.

ஜனவரி 6 எபிபனி (மூவரசர் திருநாள்) பண்டிகை முடிந்ததும் வாடகை இறங்கும். அதுதான் சரியான நேரம், குளிர் கடுமையாக இருந்தாலும்.

சறுக்கு பூட்ஸ் வாடகைக்கு எடுக்கும்போது அவசரம் கூடாது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம்.

மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது சறுக்கும்போது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு, 2022 முதல் கட்டாயம். லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே எடுத்துவிடுங்கள்.