பழைய பெட்ரோல் காரில் வந்து வந்து போன கடகடச் சத்தம்: கண்டுபிடித்த விதமும் அதன் பிறகான இரண்டு வருட ஓட்டமும்

எங்கள் வீட்டில் இருப்பது 2012 மாடல் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர், எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு எஞ்சின் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் வரும், அப்புறம் ஒரு வாரம் எட்டிப் பார்க்காது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தமே இருக்காது.

முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "டைமிங் செயின் போயிருச்சு, கிட் மாத்திரணும்" என்றார்கள். செலவு 20,000 ரூபாய்க்கு மேல். செயின் தேய்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் சத்தமே கேட்காத நேரத்தில் சொல்லப்பட்ட முடிவுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு பாகத்தைக்கூட மாற்றக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அதனால் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்தேன். சத்தம் வந்தால், வண்டியை ஓரம் கட்டியதும் எழுதுவது: எஞ்சின் சூடா, ஆறிக் கிடந்ததா, வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா, எந்த கியர், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகிற எண்ணிக்கை) முள் எங்கே, ஏசி ஓடியதா, கிளட்ச் மிதித்திருந்ததா. வந்து போகிற சத்தத்தைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கிடம் "சத்தம் வருதுங்க" என்று சொல்வதற்கும், "காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருதுங்க" என்று சொல்வதற்கும் பாதி ஒர்க்‌ஷாப் கூலி வித்தியாசம்.

சில விஷயங்கள் சட்டென்று கழிந்துவிட்டன. ஏசியைப் போட்டு அணைத்தாலும் சத்தம் மாறவில்லை, ஆகவே கம்ப்ரஸர் இல்லை. நியூட்ரலில் கிளட்சை மிதித்துவிட்டாலும் அப்படியே இருந்தது, கிளட்ச் பேரிங் பக்கமும் போக வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரைக் கொடுத்தாலும் வந்தது என்பதால் சஸ்பென்ஷன், வீல் பேரிங் எல்லாம் வெளியே. அடுத்த சந்தேகம் நாக்கிங். சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை முறை தவறி வெடிக்கும்போது, குறிப்பாக மேட்டில் பெரிய கியரில் இழுக்கும்போது, சிறு மணிகளைக் குலுக்கியது போல் சலசலக்கும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் அதற்கு நல்ல பரீட்சை. வேண்டுமென்றே கொஞ்சம் சுமையோடு ஏற்றிப் பார்த்தோம். இழுவையில் ஒரு சலசலப்பும் இல்லை.

டேப்பெட் (வால்வைத் தள்ளும் சிறு பாகம்) என்ற சந்தேகத்தை எண்ணியே தீர்க்கலாம். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சுற்றுவது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில். ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாத ஓட்டம்) 800 ஆர்பிஎம் என்றால் கேம் 400 சுற்றுதான். ஆக ஒரு வால்வில் இடைவெளி கூடி டிக் டிக் என்று அடித்தால், விநாடிக்கு ஆறேழு முறை கேட்கும். கிராங்க் வேகத்தில் அடிக்கிற சத்தம் என்றால் பதிமூன்று முறை. ஃபோனில் பதிவு செய்து வேகத்தைக் குறைத்து ஓட்டினால் எண்ணிவிடலாம். எங்கள் வண்டியின் சத்தம் இப்படி எண்ணுகிற மாதிரி அடிக்கவே இல்லை, மொத்தமாக அதிர்ந்தது.

நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பாதிக் குறிப்புகள் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்: இரண்டு விநாடி கரகரத்துவிட்டு அடங்குவது. மீதிப் பாதி நன்றாகச் சூடான பிறகு, 2000 ஆர்பிஎம்முக்குப் பக்கத்தில் மட்டும் வந்து, 2300 தாண்டினால் மறைவது. ஒரே நோய்க்கு இப்படி எதிரெதிர் அடையாளங்கள் இருக்காது. எங்கள் காரில் இருந்தது இரண்டு சத்தம். பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, "இன்னும் வருதே" என்று செய்த வேலையையே சந்தேகிப்பவர்கள் நிறைய.

சூட்டில் வந்ததை முதலில் பிடித்தோம். எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். செயின் கவரில் வழக்கமான ஓட்டம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் வழக்கமான ஓட்டம். ஆல்டர்னேட்டர் பக்கமும் சுத்தம். (இதைச் செய்யும்போது சட்டை நுனியும் துப்பட்டாவும் பெல்ட் பக்கம் போகவே கூடாது.) அப்புறம் என்னை 2000-த்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு மரக்கட்டையால் புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டை அழுத்தினார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. "அண்ணா, எஞ்சின் நல்லா இருக்குங்க. தகரந்தான் ஆடுது" என்றார்.

தகட்டின் போல்ட் ஓட்டை துருப்பிடித்து அகன்றிருந்தது. ஆறியிருக்கும்போது தகடு இறுகி நிற்கும், சூட்டில் விரிந்ததும் தளரும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிகிறது. 2000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு சுமார் 67 உதைப்பு. தளர்ந்த தகடு அந்த வேகத்தில் ஒத்து அதிர்கிறது, வேகம் மாறினால் அடங்குகிறது. அகலமான வாஷர் வைத்து முறுக்கியதோடு முடிந்தது. தகட்டையே கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்திலுள்ள ஒயரையும் ரப்பர் குழாயையும் அந்தச் சூட்டிலிருந்து காப்பது அதுதான்.

காலைச் சத்தம் உண்மையிலேயே செயினுடையது. ஆனால் செயின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. எஞ்சின் நின்றதும் ஆயில் முழுக்கக் கீழே வடியாமல் இருக்க, ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. அது கெட்டிப்பட்டால் ராத்திரியில் ஆயில் இறங்கிவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடும். கையேட்டில் சொன்னது 5டபிள்யூ-30 என்ற இளகலான ஆயில். "வண்டி பழசாயிருச்சு, கெட்டியா ஊத்துங்க" என்ற பேச்சில் ஊற்றப்பட்டிருந்தது 20டபிள்யூ-50. குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேர நேரமெடுக்கும். சத்தத்தை அமுக்க ஊற்றுகிற ஆயிலே சத்தத்தை நீட்டிக்கும். சரியான ஆயில், கம்பெனி ஃபில்டர் இரண்டையும் மாற்றியதும் இரண்டு விநாடி அரை விநாடியாகக் குறைந்தது.

செயினையும் சும்மா விடவில்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். கேமும் கிராங்க்கும் ஒத்து ஓடவில்லை என்று சொல்லும் பி0016 கோடு இல்லை. வால்வு கவரைக் கழற்றிப் பார்த்ததில் டென்ஷனர் இன்னும் தன் எல்லைக்குள்தான் நீண்டிருந்தது.

இப்படி நிதானமாகத் தேட எல்லாச் சத்தமும் இடம் கொடுக்காது. அடியிலிருந்து கனமாக டொக் டொக் என்று, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஓங்கி அடித்தால் அது பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எந்தச் சத்தம் கேட்டாலும் முதல் வேலை டிப் ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவு பார்ப்பது. ஆயில் குறைந்தாலே செயினும் டேப்பெட்டும் சேர்ந்து கத்தும்.

இரண்டு வருடம் ஆகிறது. தகடு மறுபடி வாய் திறக்கவில்லை; ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறோம். மார்கழிக் காலைகளில் மட்டும் ஸ்டார்ட்டில் ஒரு சின்னக் கரகரப்பு கேட்கும், அது நீளவில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை ஃபோனில் பதிவு செய்து, பழைய பதிவோடு ஒப்பிடுகிறேன். அது மூன்று விநாடியைத் தொட்டாலோ, சூடான எஞ்சினிலும் கேட்டாலோ, செயின், டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடு மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதாக முடிவு. செயினை மட்டும் மாற்றிப் பழைய டென்ஷனரை விட்டு வைப்பதில் லாபமில்லை; கவரைக் கழற்றுகிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.