குவில்ட்டில் மெஷின் எம்பிராய்டரி: முதலில் பூவா, முதலில் பஞ்சா?

அக்கா பேரனுக்கு 36க்கு 45 அங்குலத்தில் ஒரு குவில்ட், அதாவது மூன்றடுக்குத் தையல் போர்வை. மேலே காட்டன், நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு காட்டன். அதில் நாலு யானை, சுற்றிலும் கொடி. என்னிடம் இருப்பது 5க்கு 7 அங்குல ஹூப் (துணியை விறைப்பாகப் பிடிக்கும் சட்டம்) போடும் வீட்டு எம்பிராய்டரி மெஷின். மேல் துணியில் யானையைப் போட்டுவிட்டு அப்புறம் பஞ்சையும் அடித்துணியையும் சேர்ப்பதா, மூன்றையும் அடுக்கி வைத்து அதன்மேலேயே மெஷினை ஓட்டுவதா? நடுவில் இன்னும் இரண்டு வழி உண்டு. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன், ஒன்றில் நன்றாகச் சூடும் பட்டிருக்கிறேன்.

மேல் துணியில் மட்டும் போடுவது சுலபம், பயமில்லாதது. ஒற்றைத் துணி என்பதால் ஹூப்பில் விறைப்பாக நிற்கும். துணி சுருங்காமல் தாங்க, அடியில் எம்பிராய்டரி பேப்பரோ வெட்டி எடுக்கும் வகை கேன்வாஸோ வைத்தால் போதும். பின்பக்க முடிச்சு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நூல் எல்லாம் பஞ்சுக்குள் மறைந்துவிடும். யானை கெட்டுப்போனால் அந்தக் கட்டத் துணி மட்டும்தான் நஷ்டம். ஒரே ஒரு எச்சரிக்கை: துணியைச் சரியான அளவுக்கு வெட்டிவிட்டு எம்பிராய்டரி போடாதீர்கள். தையல் துணியை உள்ளே இழுக்கும். சுற்றிலும் ஓர் அங்குலமாவது கூடுதலாக விட்டு, போட்டு முடித்து, தேய்த்து, பிறகு அளவுக்கு வெட்டுங்கள்.

இதில் குறை என்னவென்றால், யானை போட்டாலும் குவில்ட் வேலை அப்படியே பாக்கி இருக்கும். மூன்று அடுக்கையும் பிடித்து வைக்கத் தையல் வேண்டுமே! எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே போட்டிருக்கும். அதை மதிக்காவிட்டால் நாலு சலவையில் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

மூன்று அடுக்கின் மேலே போடுவது பார்க்க மிக அழகு. ஒரே ஓட்டத்தில் கோலமும் விழுகிறது, அடுக்குகளும் பிணைகின்றன. கோட்டுக்கு இருபுறமும் பஞ்சு லேசாகப் புடைத்து நிற்கும். பின்பக்கத்திலும் அதே கொடி தெரியும். ஆனால் எந்த டிசைன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓட்டுத் தையலில் ஓடும் கோட்டுச் சித்திரம் என்றால் சரி. உள்ளே முழுக்க நூல் நிரப்பிய யானையை மூன்று அடுக்கில் போட்டால் பஞ்சு நசுங்கி அந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிடும், சுற்றியுள்ள துணி சுருங்கி இழுக்கும். குழந்தை மேல் போர்த்துவதற்கு அட்டை எதற்கு?

இதில்தான் சூடு பட்டேன். ஹூப் மாட்டிய அவசரத்தில் கீழே கை விட்டுப் பார்க்கவில்லை. அடித்துணியின் ஒரு மூலை ஹூப்புக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. மெஷின் அதையும் சேர்த்து மூவாயிரம் தையல் போட்டு முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் பாட்டுப் பாடி நின்றது. பிரிக்க ஒரு சாயங்காலம் முழுதும் போனது. துளைகள் இன்னமும் தெரிகின்றன.

கணக்கும் பாருங்கள். இந்த அளவு குவில்ட்டை 5க்கு 7 ஹூப்பில் முழுதும் நிரப்ப, அகலத்தில் 8, நீளத்தில் 7 என 56 முறை ஹூப் மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் மூவாயிரம் தையல் 5 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் மையக்கோடு பார்த்து, முன் டிசைனோடு பொருத்தி மாட்டவே 10 நிமிடம். மொத்தம் 14 மணி நேரம். 8க்கு 8 ஹூப் இருந்தால் 30 முறை போதும். 4க்கு 4 மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வழிப் பக்கமே வர வேண்டாம்.

திருகு வைத்த ஹூப்பில் தடித்த அடுக்கு நிற்காது, உள் வளையம் துள்ளி வெளியே வந்துவிடும். இந்த வேலைக்குக் காந்த ஹூப்தான் லாயக்கு. ஊசி 90/14 அளவு. குவில்ட்டின் கனம் மேசையிலிருந்து தொங்கினால் ஹூப்பை இழுத்துக் கோடுகள் விலகும். நான் இடப்பக்கம் அயர்னிங் போர்டை அதே உயரத்துக்கு நிறுத்திக்கொள்கிறேன். பாபினில் வழக்கமான மெல்லிய வெள்ளை நூல் போடாமல் மேல் நூலின் நிறத்தையே சுற்றுங்கள், பின்பக்கமும் காட்சிக்குத்தானே. முதல் தையலில் கைச் சக்கரத்தைச் சுற்றிக் கீழ் நூலை மேலே இழுத்துக்கொண்டால் பின்னால் நூல் கூடு கட்டாது.

மூன்றாவது வழி, மேல் துணியும் பஞ்சும் மட்டும் சேர்த்துப் போடுவது. புடைப்பும் கிடைக்கும், பின்பக்கக் குப்பையை அடித்துணி மூடிவிடும். பெயர் எழுத, சிறு பூ போட இது போதும். அடித்துணியைச் சேர்க்க மறுபடி தைத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி குட்டி குவில்ட்டாக மூன்று அடுக்கோடு ஹூப்பில் முடித்து, கடைசியில் பட்டை வைத்து இணைப்பது. கனம் இழுக்காது, மடிப்பு சிக்காது, சின்ன மெஷினுக்கும் சரிப்படும். ஆனால் பின்பக்கம் இணைப்புப் பட்டைகள் வரிவரியாகத் தெரியும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. என் அக்காவுக்கோ அதுதான் பிடிக்கும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கொடுக்கலாமே என்பார்கள். நான் விசாரித்த கடைக்காரர் தனித்துணி என்றதும் தையல் எண்ணிக்கைக்கு விலை சொன்னார், பஞ்சு என்றதும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் பேரிலும் தப்பில்லை.

அதனால் இந்தக் குவில்ட்டுக்கு நான் செய்யப்போவது கலவை. நூல் நிரப்பிய நாலு யானையும் தனித்துணியில், முதலிலேயே. பிறகு மூன்றையும் அடுக்கி, பெரிய ஓட்டுத் தையல்களால் கையாலேயே பிணைத்துக்கொண்டு, யானையைச் சுற்றியுள்ள கொடியை மட்டும் மூன்று அடுக்கின் மேல் கோட்டுத் தையலாக. யானைக் கட்டங்களை விட்டுவிட்டால் அந்த 56 முறை கொஞ்சமாவது குறையும். ஒவ்வொரு முறையும் ஹூப்புக்கு அடியில் கை விட்டுப் பார்த்த பிறகுதான் பச்சைப் பொத்தான்.