மேம்படுத்திய பிறகு திறக்க மறுத்த வீடியோ கோப்புகள்: ஒரு கல்யாண வீடியோ எடிட்டரின் அனுபவம்

எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள்தான் சிக்கல் தெரியவரும். நேற்று வரை ஓடிய கிளிப், கிளிப்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கறுப்பாக நிற்கும். படம் வந்தால் ஒலி வராது. அல்லது இந்த வகைக் கோப்பை ஏற்க முடியாது என்று ஓர் அறிவிப்பு வரும். கல்யாண வீடியோ தொழிலில் பல ஆண்டுகளாக ஒரே மென்பொருளைப் பதிப்பு மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் கோப்பு கெட்டிருப்பதில்லை. அதைப் படிக்கும் வழியைத்தான் மென்பொருள் கைவிட்டிருக்கும் அல்லது மாற்றியிருக்கும். அதனால் பதறிப்போய் எல்லாவற்றையும் கன்வெர்ட் செய்யத் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் அந்தக் கோப்பை வி.எல்.சி. பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும். வி.எல்.சி. கோப்பைப் பிரித்துப் படிக்கும் டிகோடர்களைத் தன்னிடமே வைத்திருப்பதால், எடிட்டிங் மென்பொருள் மறுக்கும் பல கோப்புகள் அதில் ஓடிவிடும். ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்தது மீடியாஇன்ஃபோ. கோப்பின் உள் விவரங்களைக் காட்டும் இலவசமான, சிறிய மென்பொருள். இதைப்போல் எனக்குக் கைகொடுத்தது வேறொன்றுமில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்ஓவி, ஏவிஐ என்பவையெல்லாம் மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. உள்ளே இருக்கும் கோடெக், அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கிப் பதியும் முறை, எது என்பதைப் பொறுத்தே கோப்பு திறப்பதும் திறக்காததும். இரண்டு எம்ஓவி கோப்புகளில் ஒன்று எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் கோடெக் ஆகவும் மற்றொன்று பழைய சோரன்சன் ஆகவும் இருக்கலாம். முதலாவது திறக்கும், இரண்டாவது புதிய பதிப்புகளில் பெரும்பாலும் திறக்காது.

எனக்கு அதிகம் தொல்லை தந்தவை இந்தப் பழைய எம்ஓவி கோப்புகள்தான். ஒரு காலத்தில் விண்டோஸில் எம்ஓவி கோப்பைப் படிக்கப் பல எடிட்டிங் மென்பொருள்கள் ஆப்பிளின் குவிக்டைம் என்ற வீடியோ மென்பொருளை நம்பியிருந்தன. விண்டோஸுக்கான குவிக்டைமை 2016இல் ஆப்பிள் கைவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதால் அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. மேக் கணினிகளிலும் 2019இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு பழைய 32 பிட் நிரல்களை நிறுத்தியபோது பழைய குவிக்டைம் கோடெக்குகள் போய்ச் சேர்ந்தன. இன்றும் சிலர் பழைய குவிக்டைமைத் தேடிப்பிடித்து நிறுவச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

மணிவிழா வீடியோவுக்காகக் குடும்பத்தார் கொண்டுவரும் பழைய சிறிய டிஜிட்டல் கேமரா கிளிப்கள் பல இந்த வகைதான். மோஷன் ஜேபெக் என்ற பழைய கோடெக்கில் படம், சுருக்கப்படாத ஒலி. “இதில் மட்டும்தான் எங்கள் அம்மா பேசுகிறார்கள், எப்படியாவது எடுத்துக்கொடுங்கள் சார்” என்று ஒருவர் பென் டிரைவை நீட்டினார். எடிட்டிங் மென்பொருள் திறக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச கன்வெர்ட் மென்பொருள் ஒரே கட்டளையில் அதைப் புரோரெஸாக மாற்றித் தந்தது. ஒலியில் ஒரு சொல்கூட விடுபடவில்லை.

இன்னொரு கூட்டம், டைட்டில் அலங்காரங்கள். பூ உதிர்வது, மாலை விரிவது, தீபம் சுழல்வது என்று நம் தொழிலில் எல்லோரிடமும் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய இருக்கும். இவற்றில் பல, பின்னணி ஊடுருவித் தெரியும் ஆல்ஃபாவுடன் அனிமேஷன் என்ற பழைய கோடெக்கில் சேமிக்கப்பட்டவை. புதிய பதிப்பில் இவை திறக்காவிட்டால், அவசரத்தில் எச்.264 என்ற பரவலான கோடெக்கில் எம்பி4 ஆக மாற்றுகிறார்கள். கோப்பு திறக்கும், ஆனால் மாலைக்குப் பின்னால் மணமக்களை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கட்டம் நிற்கும். வழக்கமான எச்.264 ஆல்ஃபாவைச் சுமக்காது. இவற்றை ஆல்ஃபாவைச் சுமக்கும் புரோரெஸ் 4444க்குத்தான் மாற்ற வேண்டும். ஒரு கிளிப்பை மாற்றி, டைம்லைனில் ஒரு புகைப்படத்தின் மேல் வைத்து, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை ஓட்டுங்கள்.

செல்பேசிக் கிளிப்களின் சிக்கல் வேறு மாதிரி. அவை திறக்கும், ஓடும், பிசகும். செல்பேசி வெளிச்சத்திற்கும் சூட்டிற்கும் ஏற்ப பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகிறது. மீடியாஇன்ஃபோவில் பிரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருந்தால் அதுதான். பழைய பதிப்பில் நேராக ஓடிய கிளிப்கள் புதிய பதிப்பில் ஒலி விலகி நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்கப் பேச்சைவிடத் தவில் நல்ல அளவுகோல். கெட்டிமேளம் கொட்டும் இடத்திற்குப் போய், குச்சி தோலைத் தொடும் பிரேமையும் ஒலி அலையின் முதல் குத்தையும் ஒப்பிட வேண்டும். கிளிப்பின் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் பிரேம் வேகமே காரணம்; தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் காரணம் வேறு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட் மென்பொருளில் வேகத்தை 30 என்று குறித்து, மாறாத வேகத்திற்கான கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் வீடியோ ஏற்கெனவே நசுங்கியிருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்டுவாங்குங்கள்.

பச்சைக் கட்டங்கள் தோன்றுகின்றனவா, படம் விட்டுவிட்டு வருகிறதா? அமைப்புகளுக்குப் போய், கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு கோப்பைப் படிக்கும் ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். சரியானால் குற்றம் கிராபிக்ஸ் டிரைவரில். மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்துவைத்த பழைய கேச் கோப்புகளை அழித்தாலே தீர்ந்துபோன கோளாறுகளும் உண்டு. வண்ண விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வகையில் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: என்விடியாவின் சாதாரண கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் முதன்முதலாக இந்த வகையை ஹார்டுவேரில் டிகோட் செய்கிறது. அதற்கு முந்தைய கார்டு வைத்துக்கொண்டு மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை.

நேரடி ஒளிபரப்பின்போது ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் பதிவான எம்கேவி கோப்பைப் புதிய பதிப்பு ஏற்காவிட்டால், கன்வெர்ட் செய்யவே தேவையில்லை. ஓபிஎஸ்ஸில் உள்ள ரீமக்ஸ் வசதி, படத்தைத் தொடாமல் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றித் தரும். தரம் துளியும் குறையாது. முழு கன்வெர்ஷன் அப்படியல்ல. ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேமராவின் நொடிக்கு 24 மெகாபிட் பதிவு ஒரு மணி நேரத்திற்கு 11 ஜிபி பக்கம் வரும். அதையே 25 பிரேம் முழு எச்டியில் புரோரெஸ் 422 ஆக்கினால் சுமார் 55 ஜிபி. இரண்டு நாள் கல்யாணத்தை மொத்தமாக மாற்றினால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. திறக்காத கிளிப்களை மட்டும் மாற்றினால் போதும். ஏவிசிஎச்டி கார்டிலிருந்து எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், ஃபோல்டர்களை அப்படியே நகலெடுப்பதும் முக்கியம். நீண்ட பதிவைக் கேமரா துண்டு துண்டாகத்தான் எழுதுகிறது. இணைப்பு விவரம் இல்லாமல் சேர்த்தால் ஒட்டும் இடத்தில் நாதஸ்வரம் ஒரு கணம் அறுந்து கேட்கும்.

வெளிச்சத்திற்கும் இருட்டிற்குமான வேறுபாட்டை அதிகமாகப் பதியும் எச்டிஆர் மட்டும் இன்னும் முழுதாக வசப்படவில்லை. 2020இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் பதிவு சாதாரணமாகிவிட்டது. அந்தக் கிளிப்களைச் சாதாரண டைம்லைனில் போட்டால் வெள்ளை வேட்டி கண்ணைக் கூசும், முகம் வெளுக்கும். புதிய பதிப்பின் தானியங்கி வண்ண மாற்றம் முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பை இன்னும் கையால்தான் திருத்துகிறேன். முடிந்த இடத்தில், படம் எடுக்கும் உறவினர்களிடம் முன்கூட்டியே எச்டிஆரை அணைக்கச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மேம்படுத்துவதை நான் நிறுத்தவில்லை. வேகமும் வண்ண வேலையும் அதற்கு ஈடாகவே இருக்கின்றன. ஆனால் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த புராஜெக்ட் பழையதில் திறக்காது என்பதால், தனி நகல் எடுத்த பிறகே திறப்பேன். நடந்துகொண்டிருக்கும் வேலைகள் முடியும் வரை பழைய பதிப்பை நீக்குவதில்லை. நிறுவுவதும் முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோதான். வைகாசியில் வரும் அறிவிப்பு எதுவாக இருந்தாலும் அதுவரை காத்திருக்கட்டும்.