மரம் வெட்டுகிறவன் வீட்டில் ஒரு ராடும் பிளேட்டும்: ஏழு வருட அனுபவம்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது நான் மர வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்கள் முறிந்து கிடந்தன. ரோட்டில் விழுந்ததை அறுத்து ஒதுக்குவது, ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த பலாவைக் கயிறு கட்டி இறக்குவது என்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வேலை. இரண்டு வாரம் தாங்கினேன். மூன்றாவது வாரம் ஒரு தென்னந்தடியை உருட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. பதினோரு நாள் படுக்கை. பக்கத்து ஊர் ஆசான் எண்ணெய் போட்டுத் தடவி எழுப்பிவிட்டார். "இடுப்புக்குப் பலமில்லை, தடவினால் மட்டும் இது தீராது" என்றார்.

அடுத்த மார்ச்சில் நாகர்கோவிலில் எடை தூக்கிப் பயிற்சி செய்ய 50 கிலோ செட் ஒன்று வாங்கினேன். ஐந்தடி ராடு, வெளியே பிளாஸ்டிக்கும் உள்ளே சிமென்ட் கலவையுமாக பிளேட்டுகள். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அப்பா கேட்டார்: "லேய் மக்கா, மரத்துல தூக்கினது காணாதா?" போதாதா என்று அர்த்தம்.

அப்பா பனையேறி. பதனீர் காலத்தில் தினமும் முப்பது பனை, காலையும் மாலையும். ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரைத் தவிர அவர் எந்தக் கருவியையும் நம்பியதில்லை. ராடைத் தொடாமலே அவருக்கு வயிறும் தோளும் பலகை மாதிரி இருந்தன. எனவே அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. பதில் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அவர் வேலை தினமும் ஒரே அளவு. உடம்பு அந்த அளவுக்குப் பழகிக்கொள்ளும். என் வேலை அப்படி இல்லை. இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் மறுபடியும் ஒரு மழை. ஈர மரத்தில் ஏற முடியாது, தோட்டத்துக்குள் லாரி இறங்காது. பத்து நாள், சில சமயம் இருபது நாள் வீட்டில் இருப்பேன். வெயில் அடித்ததும் ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் முடிக்கச் சொல்வார்கள். ரப்பர் தடியை வெட்டிப் போட்டால் சில நாளிலேயே பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், அதனால் மில்லுக்கு உடனே ஏற்றியாக வேண்டும். ஒரு மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள பச்சைத் தடி 60, 70 கிலோ வரும். சும்மா இருந்த உடம்போடு அதைத் தூக்கும் முதல் நாளில்தான் எங்கள் ஆட்களுக்கு இடுப்பு பிடிக்கிறது. நான் எடை தூக்குவது அந்த இருபது நாளில் உடம்பு இறங்கிவிடாமல் இருக்கத்தான். இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டினார்.

இன்னொன்றும் உண்டு. மெஷின் வாளை எப்போதும் வலது பக்கமே பிடிக்கிறோம், ஒரே பக்கமே திரும்புகிறோம். அதனால் இடது இடுப்பு எனக்குக் குச்சி மாதிரி இருந்தது. ஒற்றைக் கையில் வாளி தூக்கி நடப்பது அதைச் சரிசெய்த அளவுக்கு வேறெதுவும் செய்யவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் மணல் நிறைத்தால் முப்பது கிலோ தாண்டும். இடது கையில் ஐம்பது அடி, வலது கையில் ஐம்பது அடி, உடம்பு சாயாமல் நடக்க வேண்டும். செலவே இல்லாத பயிற்சி. எதையாவது ஒன்றை மட்டும் செய் என்றால் இதைத்தான் செய்வேன்.

அப்புறம் டெட்லிஃப்ட், தரையில் கிடக்கும் ராடைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது. 40 கிலோவில் தொடங்கினேன், மூன்று வருடத்தில் 110 தொட்டேன். இப்போது வேண்டுமென்றே 90-ல் நிற்கிறேன். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, மூச்சை வயிற்றில் பிடித்துத் தூக்கும் முறை கைவந்த பிறகு, தடி தூக்கும்போதும் உடம்பு தானாக அப்படியே குனிகிறது. எடையைவிட அந்தப் பழக்கம்தான் பெரிது. இவை போக வாசல் பலாவில் தொங்கும் வடத்தைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கும் புல்-அப், உட்கார்ந்து எழும் ஸ்குவாட் கொஞ்சம். நெஞ்சுக்குப் பெஞ்சு போட்டுச் செய்வதையும் ஒரு வருடம் பார்த்தேன். மர வேலைக்கு அதனால் பயன் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

தப்பும் செய்திருக்கிறேன். இரண்டாவது வருடம் ஆர்வம் தலைக்கேறி, வேலை நாளிலும் சாயங்காலம் வந்து ராடைப் பிடிப்பேன், வாரத்துக்கு நான்கு நாள். ஆறு மாதத்தில் முழங்கையின் உள்பக்கம் வலி. மெஷினின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண முடியவில்லை. மார்த்தாண்டத்தில் காட்டிய டாக்டர் தசைநார் அழற்சி என்றார். இரண்டு மாதம் வேலை போனது. வாள், வடம், ராடு மூன்றுமே ஒரே பிடியைத் தின்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது வேலைக் காலத்தில் வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம். மழைக் காலத்தில் மூன்று நாள். மறுநாள் மரம் ஏற வேண்டியிருந்தால் வடத்தையும் டெட்லிஃப்டையும் தொடுவதே இல்லை. முன்கை களைத்தால் முதலில் போவது பிடி. முப்பது அடி உயரத்தில் அது போகக்கூடாது.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமென்ட் பிளேட்டுகள் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. தரையில் வைக்க வைக்க விளிம்பு பிளந்து தூளாகக் கொட்டியது. ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், எடைக்கு எடை வார்ப்பிரும்பு பிளேட்டுகள் வாங்கினேன், இன்றும் அவைதான். எங்கள் ஊர் ஈரக்காற்றில் இரும்பு ஒரு மழைக்குள் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பிசுபிசுத்துத் தூசி ஒட்டியது. துணியில் மெஷின் ஆயில் தொட்டு மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். கீழே பழைய லாரி டயர் துண்டு போட்டால் தரையும் பிழைக்கும், சத்தமும் குறையும். ஐந்தடி ராடு 80 கிலோவுக்கு மேல் வளையத் தொடங்கியது. ஏழடி, 20 கிலோ ராடை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீனும் எப்போதும் உள்ளதுதான். சாளையை மட்டும் இரண்டு மடங்காக்கினேன், காலையில் மூன்று முட்டை. 64 கிலோ இருந்தவன் 70 ஆனேன். அதற்கு மேல் ஏறினால் மரத்தில் அந்த எடையையும் நான்தான் சுமக்க வேண்டும்.

பலம் கூடினால் ஆபத்தும் கூடுகிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித்தரவில்லை. வேர்க்கிளம்பியில் ஒரு அயனி மரத்தில் கிளை கழிக்கும்போது, கயிறு கட்டி இறக்க வேண்டிய கொம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுத்தேன். பிடிக்க முடியும் என்று தோன்றியதால்தான் அப்படிச் செய்தேன். கொம்பு திரும்பி நெஞ்சில் அடித்தது. இடுப்புப் பட்டியும் கயிறும் இருந்ததால் தொங்கினேன், விழவில்லை. கயிறு செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யக்கூடாது. எவ்வளவு பலம் இருந்தாலும் சரி. மெஷினின் அதிர்வில் விரல் மரத்துப்போவதற்கும் ராடு மருந்தல்ல. தேய்ந்துபோன அதிர்வு ரப்பர்களை மாற்ற வேண்டும், கைக்கு நடுநடுவே ஓய்வு கொடுக்க வேண்டும்.

ஏழு வருடத்தில் இடுப்பு இரண்டு தடவை இறுகியது, ஒருமுறைகூடப் படுக்கவில்லை. முன்பு மதியச் சோற்றுக்குப் பிறகு கால் நடுங்கும், அப்போதுதான் வெட்டும் கோணல் ஆகும். இப்போது நான்கு மணிக்கும் காலையில் நின்ற மாதிரியே நிற்கிறேன்.

இதே வேலையில் இருக்கிற தம்பிகள் தொடங்குவதானால் ஏழடி ராடும் 60 கிலோ வார்ப்பிரும்பும் போதும், பெஞ்சு வேண்டாம். முதல் ஒரு மாதம் பிளேட் எதுவும் மாட்டாமல் வெறும் ராடை மட்டும் தூக்குங்கள். ஏற்கெனவே இடுப்பு பிடித்தவர்கள் இரண்டு மாதம். மழை தொடங்கும் முன் தொடங்கினால் நல்லது.