ஏழு கிளப், ஏழு ஜெர்ஸி: பாட்டிஸ்டூட்டா தொகுப்பை வாங்கலாமா?

அர்ஜென்டினாவின் கோலடிக்கும் முன்கள ஆட்டக்காரர் (ஸ்ட்ரைக்கர்) காப்ரியேல் பாட்டிஸ்டூட்டா 1988 முதல் 2005 வரை விளையாடிய ஏழு கிளப்புகளின் ஜெர்ஸிகளை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கும் தொகுப்பு ஒன்றை, இணையவழியில் பழைய கால்பந்துச் சட்டைகளின் மறுபதிப்புகளைத் தைத்து விற்கும் சிறிய கடை ஒன்றிலிருந்து இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். விலை 9,800 ரூபாய். இவை கிளப்புகளின் அனுமதி முத்திரை பெற்ற சட்டைகள் அல்ல என்பதைக் கடைக்காரரே பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். எனவே அந்த அளவுகோலைக் கொண்டு இவற்றை மதிப்பிடுவது நியாயமாகாது. பின்னலாடைத் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் துணியையும் தையலையும் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். பாட்டிஸ்டூட்டாவின் ஆட்டத்தைப் பள்ளி நாட்களிலிருந்து தொடர்ந்து வந்தவன் என்பதால், இந்தப் பெட்டி அவருடைய ஆட்ட வாழ்க்கையைச் சரியாகச் சொல்கிறதா என்பதையும் பார்க்க விரும்பினேன்.

முதலில் அர்ஜென்டினாவின் மூன்று சட்டைகள். பாதி சிவப்பும் பாதி கறுப்புமான நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் சட்டையை இரண்டு நிறத் துணியை வெட்டி நடுவில் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். உட்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிளாட்லாக் எனப்படும் தட்டையான தையல் சீராக ஓடுகிறது, பிசிறு இல்லை. இந்தச் சட்டையில்தான் ரெகான்கிஸ்டா என்னும் ஊரிலிருந்து ரொசாரியோவுக்கு வந்த இளைஞர் முதல் பிரிவு ஆட்டத்தைத் தொடங்கினார். உடல் கனமாகவும் ஓட்டம் மெதுவாகவும் இருந்த அவரை அங்கே வார்த்தெடுத்தவர் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா. ரிவர் பிளேட்டின் வெள்ளைச் சட்டையில் குறுக்காகச் செல்லும் சிவப்புப் பட்டையை மட்டும் தனித் துணியாகத் தைக்காமல் அச்சிட்டுவிட்டார்கள். மூன்றாவது துவைப்பிலேயே அதன் ஓரம் மங்கத் தொடங்கிவிட்டது. தொகுப்பிலேயே தரம் குறைந்தது இதுதான். அவர் மிகக் குறைவாகவே அணிந்த சட்டைகளில் இதுவும் ஒன்று. 1989இல் அங்கே போய்ச் சேர்ந்தவர், டேனியல் பாசரெல்லா பயிற்சியாளராக வந்த பிறகு அணியில் இடமிழந்தார். ஓராண்டுக்குள் நேரெதிரியான போகா ஜூனியர்ஸுக்கு மாறினார்.

போகா சட்டை நன்றாக வந்திருக்கிறது. நீலத்தின் நடுவே மஞ்சள் பட்டை தனியாக வெட்டித் தைக்கப்பட்டுள்ளது, ஒரு நிறம் மற்றொன்றில் ஒட்டவில்லை. அங்கேயும் முதல் சில மாதங்கள் அவர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 1991இன் தொடக்கத்தில் பயிற்சியாளராக வந்த ஆஸ்கர் தபாரெஸ் அவரைக் கோல் முகத்துக்கு நேரே, நடுவில் நிறுத்தினார். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. போகா அந்தப் பருவத்தில் முதலிடம் பிடித்தது. அந்த அணியில் அதிக கோல் அடித்தவர் அவரே. சில வாரங்களில் சிலியில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்காவை அர்ஜென்டினா வென்றபோது, 6 கோல்களுடன் அங்கேயும் அவரே முதலிடத்தில் நின்றார். ஒரு ஸ்ட்ரைக்கரின் திறமையைவிட அவர் நிற்கும் இடம் சில சமயம் பெரிதாகிவிடுகிறது என்பதற்கு இந்த ஆறு மாதங்களைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மூன்று சட்டைகளிலும் பொதுவாக ஒரு பிழை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். முதுகில் 9 என்ற எண்ணுக்கு மேல் ‘பாட்டிஸ்டூட்டா’ என்று பெயரையும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அர்ஜென்டினாவில் கிளப் ஆட்டக்காரர்களின் முதுகில் பெயர் கிடையாது. இத்தாலியின் முதல் பிரிவு லீக்கான சீரி ஏவில்கூட நிலையான எண்ணும் பெயரும் 1995-96 பருவத்தில்தான் வந்தன. அதற்கு முன் களமிறங்கும் பதினொருவர் 1 முதல் 11 வரையிலான எண்களை அணிந்தார்கள். அதிலும் இங்கே பயன்படுத்தியிருப்பது இத்தாலியச் சட்டைக்குப் பயன்படுத்திய அதே எழுத்துரு. பெயர் இல்லாவிட்டால் வாங்குபவர்களுக்கு யாருடைய சட்டை என்று தெரியாது என்பது கடைக்காரர் தந்த விளக்கம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் இல்லாத சட்டையில், வெறும் 9ஆக, யாரென்றே பலருக்குத் தெரியாமல் ஆடிய காலம் அது. அதை மறைத்துவிட்டால் மறுபதிப்பு என்ற சொல்லுக்கே பொருள் குறைந்துவிடுகிறது.

அடுத்தது ஊதா நிறச் சட்டை. இத்தாலியக் கிளப்பான ஃபியோரென்டினாவின் 1998-99 ஜெர்ஸி; மார்பில் நின்டெண்டோ என்ற எழுத்துகள், இடப்பக்கம் ஃபுளோரன்ஸ் நகரின் சிவப்பு லில்லி மலர். பெட்டியைத் திறந்ததும் கை முதலில் இதைத்தான் தேடியது. துணி சுமார் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) இருக்கலாம், மற்ற சட்டைகளைவிடச் சற்றுக் கனம், உடலில் விழும்போது அந்தக் காலத்துத் தொளதொளப்பு அப்படியே கிடைக்கிறது. லில்லி மலரை அச்சிடாமல் எம்பிராய்டரி செய்திருக்கிறார்கள். இதழ்களின் நடுவே ஓடும் மெல்லிய கோடுகள்வரை நூலில் வந்துள்ளன. ஊதாவைச் சரியாகச் சாயமேற்றுவது எளிதல்ல. கொஞ்சம் பிசகினால் நீலமாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ போய்விடும். இந்தச் சட்டையில் அது பிசகவில்லை, ஐந்து துவைப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. கழுத்துப் பட்டையின் ரிப் மட்டும் லேசாகத் தளர்ந்திருக்கிறது.

அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜோவன்னி டிராபட்டோனியின் பயிற்சியில் ஃபியோரென்டினா பாதிப் பருவம் முடிந்தபோது சீரி ஏவின் முதலிடத்தில் நின்றது. 1969க்குப் பிறகு கிடைக்காத பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1999 பிப்ரவரியில் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் பாட்டிஸ்டூட்டா காயமடைந்தார். அதே வாரங்களில் அவருக்குத் துணையாக முன்னால் ஆடிவந்த எட்மண்டோ, ரியோ கார்னிவலுக்காகப் பிரேசில் போய்விட்டார். அணி சரிந்து மூன்றாம் இடத்தில் முடிந்தது. பாட்டிஸ்டூட்டா அந்தப் பருவத்தில் அடித்த 21 கோல்கள் பட்டமாக மாறாமலேயே போயின. இந்தச் சட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிப்ரவரிதான் நினைவுக்கு வருகிறது.

தொகுப்பின் மீது எனக்குள்ள பெரிய குறை இங்கேதான் தொடங்குகிறது. கிளப்புக்கு ஒரு சட்டை என்று சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள்; அவருடைய ஆட்ட வாழ்க்கை அப்படிச் சமமாக அமையவில்லை. ரிவர் பிளேட்டில் ஓராண்டு, இன்டர் மிலானில் அரையாண்டு, ஃபியோரென்டினாவில் ஒன்பது ஆண்டுகள். மூன்றுக்கும் ஒவ்வொரு சட்டை என்றால் பெட்டி பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் கதை தவறிவிடும். 1994-95 பருவத்தின் சட்டை இதில் இல்லை. முதல் 11 ஆட்டங்களிலும் தொடர்ந்து கோல் அடித்து, எத்சியோ பஸ்குட்டியின் நெடுநாள் சாதனையை முறியடித்து, 26 கோல்களுடன் லீக்கின் முதல் கோலடிப்பாளராக முடித்த பருவம் அது. கோல் விழுந்ததும் மூலைக்கு ஓடி, கொடிக்கம்பைப் பிடுங்கி ரசிகர்களை நோக்கி உயர்த்துவாரே, அந்தக் காட்சிகளும் அந்த நாட்களைச் சேர்ந்தவையே. இத்தாலியக் கோப்பையை வென்ற 1996ஆம் ஆண்டின் சட்டையும் இல்லை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக் கிளப்பான ஆர்சனலை ஒற்றைக் கோலில் வீழ்த்திய 1999 அக்டோபர் இரவின் சட்டையும் இல்லை. வலப்பக்கம், கோல் கோட்டை ஒட்டிய குறுகிய கோணத்திலிருந்து கோல்கீப்பர் டேவிட் சீமனைத் தாண்டித் தூர மூலைக்கு அவர் அனுப்பிய அந்தப் பந்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்படுவது 1993-94ஆம் ஆண்டின் சட்டை. அதற்கு முந்தைய பருவத்தில் ஸ்டெஃபான் எஃபன்பெர்க், பிரையன் லாட்ரப் போன்ற பெயர்களோடு தொடங்கிய ஃபியோரென்டினா, புள்ளிப் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கும்போதே பயிற்சியாளரை நீக்கி, பின் நிலை தடுமாறி, யாரும் எதிர்பாராத வகையில் இரண்டாம் பிரிவான சீரி பிக்கு இறங்கியது. (அந்தப் பருவத்தின் வெள்ளைச் சட்டையில் இருந்த கோலம் தற்செயலாக ஸ்வஸ்திகா வடிவில் அமைந்துவிட்டதால் பாதியிலேயே திரும்பப் பெறப்பட்டது, அதை மறுபதிப்புச் செய்யாமல் விட்டது கடைக்காரரின் நல்ல முடிவு.) அணி இறங்கிய பருவத்திலும் 16 கோல்கள் அடித்திருந்தவர், 24 வயதில், அர்ஜென்டினாவுக்குத் தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கோபா அமெரிக்காவை இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களால் வென்று தந்த கையோடு, எந்தப் பெரிய கிளப்புக்கும் போயிருக்கலாம். அவர் போகவில்லை. கிளாடியோ ரானியேரியின் பயிற்சியில் சீரி பியின் சிறிய மைதானங்களில் ஓராண்டு ஆடி, மீண்டும் 16 கோல்கள் அடித்து, அணியை முதலிடத்தில் மேலே கொண்டுவந்தார். ஃபுளோரன்ஸ் ரசிகர்கள் அவருக்குச் சிலை வைத்ததை வெறும் கோல் கணக்கால் விளக்க முடியாது. அந்த ஓராண்டு அதற்குள் இருக்கிறது. அதைவிட்டுவிட்டு ஏழு சட்டைகளை அடுக்குவது, தேரைச் செய்துவிட்டு அச்சாணியை மறந்ததைப் போன்றது.

ரோமாவின் 2000-01 சட்டை தொகுப்பின் இரண்டாவது நல்ல சட்டை. கப்பா நிறுவனம் அந்தக் காலத்தில் கொண்டுவந்த உடலோடு ஒட்டும் வடிவத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். எதிராளி சட்டையைப் பிடித்து இழுத்தால் துணி நீண்டு நடுவரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சட்டை அப்படி வடிவமைக்கப்பட்டது. மறுபதிப்பிலும் துணி நன்றாக நீள்கிறது, விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வழக்கமாக எல் அளவு அணிபவர்கள் இதற்கு இரண்டு அளவு கூட்டி வாங்க வேண்டும். கடையின் அளவுப் பட்டியலில் இந்தக் குறிப்பு இல்லாததால் நான் ஒருமுறை மாற்றி வாங்க நேர்ந்தது. முதுகில் சரியாக 18 என்ற எண் இருக்கிறது.

31 வயது ஆட்டக்காரருக்கு ரோமா கொடுத்த தொகை 7,000 கோடி லிரா. அந்த வயதில் அவ்வளவு விலை அதுவரை யாருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. முழங்காலும் கணுக்காலும் தேய்ந்துகொண்டிருந்த ஒருவரைப் பயிற்சியாளர் ஃபேபியோ கபெல்லோ பட்டத்துக்காகவே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பாட்டிஸ்டூட்டா 20 லீக் கோல்களைத் திருப்பித் தந்தார். 2000 நவம்பர் 26 அன்று ரோமில் நடந்த ஆட்டத்தில் எதிரணியாக வந்தது ஃபியோரென்டினா. ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடங்கள் இருக்கும்போது, பெனால்டி பகுதிக்கு வெகுதொலைவிலிருந்து, எழும்பி விழுந்த பந்தை வலக்காலால் அடித்தார். அதுவே அன்றைய ஒரே கோல். சக ஆட்டக்காரர்கள் அவர்மேல் பாய்ந்து கொண்டாட, அவர் கண்ணீரோடு நின்றார். 2001 ஜூன் 17 அன்று பார்மாவை 3-1 என்று வென்று ரோமா பட்டம் பெற்றபோது, டோட்டி, மான்டெல்லா, பாட்டிஸ்டூட்டா மூவரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். பட்டம் கிடைக்காத ஒன்பது ஆண்டுகளின் ஊதாவும், பட்டம் கிடைத்த ஓராண்டின் சிவப்பும் பெட்டிக்குள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கும்போது, இந்தத் தொகுப்பைத் திட்டமிட்டவரின் ரசனையை இந்த ஓரிடத்திலாவது பாராட்டத் தோன்றுகிறது.

இன்டர் சட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2003இல் கடனாகப் போய் 12 லீக் ஆட்டங்களில் 2 கோல்கள், சட்டையும் சாதாரணமானதே.

கத்தாரின் அல் அரபி அணியின் சிவப்புச் சட்டை எளிமையானது. அங்கே 2003-04 பருவத்தில் 25 கோல்கள் அடித்து அந்த நாட்டு லீக்கின் சாதனையை முறியடித்தார். வலி தணிக்கும் ஊசிகளைப் போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் ஆடியதன் விலை அதன் பிறகுதான் தெரிந்தது. கணுக்காலில் குருத்தெலும்பு இல்லாமல் எலும்போடு எலும்பு உரச, எழுந்து குளியலறைக்குப் போகவும் முடியாத நாட்களில், காலை வெட்டிவிடுமாறு மருத்துவரிடம் கேட்டதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். மருத்துவர் மறுத்தார், பல ஆண்டுகள் கழித்து, 2019இல் சுவிட்சர்லாந்தில் செயற்கைக் கணுக்கால் பொருத்திக்கொண்டார். அந்தச் சட்டையை மடித்து வைக்கும்போது, 25 கோல்களும் எத்தகைய கால்களால் அடிக்கப்பட்டவை என்பது நினைவுக்கு வந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. முழுத் தொகுப்பு வேண்டாம். ஃபியோரென்டினா, ரோமா, போகா ஆகிய மூன்றையும் தனித்தனியாக, சட்டை ஒன்றுக்கு 1,600 ரூபாய் என்ற விலையில் அதே கடையில் வாங்கலாம்; போகா சட்டைக்குப் பெயர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிச் சொன்னால் வெறும் 9 மட்டும் அச்சிட்டுத் தருகிறார்கள். பெட்டி கெட்டியான அட்டையில் செய்யப்பட்டு நன்றாக இருந்தாலும் அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. குளிர்ந்த நீரில் உட்பக்கம் திருப்பித் துவைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது.

1993-94 சட்டையைத் தைக்க முடியுமா என்று கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். “இரண்டாம் பிரிவில் ஆடிய சட்டையை யார் சார் கேட்கப் போகிறார்கள்?” என்றார். சீரி பி பற்றி மேலே எழுதியதை அவரிடமும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பத்துப் பேர் சேர்ந்தால் சாயம் போடுகிறேன் என்றார். முதல் சட்டைக்கான பணத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.