ஏகாதசி இரவுக்கு எதை உருட்டலாம்? கேசினோ பகடையும் நம் வீட்டுத் தாயக்கட்டையும்

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க எங்கள் காரைக்குடி வீட்டில் தாயமும் பரமபதமும்தான். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டு உட்கார்ந்தால் பொழுது விடிவது தெரியாது. இந்த முறை எதை உருட்டுவது என்ற பேச்சு வந்துவிட்டது. லாஸ் வேகாஸ் போய்வந்த சித்தப்பா மகன் அங்கே சூதாட்ட விடுதிகளில் உருட்டும் கேசினோ பகடை ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தான். வீட்டில் ஏற்கெனவே அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை, லூடோ பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பகடை, ஒரு டப்பா சோழி எல்லாம் உண்டு. ஒரு வாரம் எல்லாவற்றையும் உருட்டிப் பார்த்தேன்.

முதலில் கேசினோ பகடை. கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிகிறது. விளிம்பு கூர்மையாக இருக்கிறது, உடம்பு கண்ணாடி போலச் சிவப்பு. செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளில் செய்கிறார்கள். வழக்கமான அளவு முக்கால் அங்குலம், அதில் 0.0005 அங்குலத்துக்கு மேல் பிசகக் கூடாது. தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது! புள்ளிகளைக் குடைந்து எடுத்த இடத்தில், எடுத்த அளவுக்கே எடை வரும் வண்ணக்கலவையை நிரப்பி மட்டமாகத் தேய்க்கிறார்கள். தடவினால் குழி தட்டாது. உள்ளே ஈயம் ஒளித்திருந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் ஒளி ஊடுருவும் பொருள்.

அத்தனை செய்த பிறகும் கேசினோக்காரர்கள் நம்புவதில்லை. ஒவ்வொன்றிலும் வரிசை எண், விடுதியின் சின்னம். மைக்ரோமீட்டரால் அளக்கிறார்கள். எதிரெதிர் மூலைகளை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்துச் சுழலவிட்டு, ஒரு பக்கம் கனத்துக் கீழே இழுக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்ட மேசையில் பகடையை ஒரு கையால்தான் தொட வேண்டும். எறிந்தது எதிர்ச்சுவரின் ரப்பர் முனைகளில் பட்டுத் திரும்ப வேண்டும். சில மணி நேர ஆட்டத்துக்குப் பின் குறி போட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். எங்களிடம் வந்த ஜோடியிலும் ஒரு வட்டக் குறி இருக்கிறது.

பிளாஸ்டிக் பகடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூலைகள் மழுங்கி, புள்ளிகள் வெறும் குழியாக இருக்கும். ஆறு குழி உள்ள பக்கம் கொஞ்சம் லேசு, அதனால் ஆறு சற்றே கூடுதலாக மேலே வரப் பார்க்கும். அதைவிட எரிச்சல், வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் உருண்டு முற்றத்துக்கே ஓடிவிடுகிறது.

தாயக்கட்டைக்கு வருவோம். நான்கு முகம், வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டை என்பதால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது 1, அதில் 2 விதம், மூன்று 4 விதம், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒரே ஒரு விதம். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்பதால், ஏறக்குறைய எட்டுக்கு மூன்று முறை கை தொடரும். ஆட்டத்தின் சூடே அதில்தான் இருக்கிறது. இரண்டு கேசினோ பகடையைப் போட்டுக் கூட்டினால் 2-க்குக் கீழே வராது, ஆக தாயமே விழாது! எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன, காயை இறக்கவே முடியாதே. பரமபதத்துக்கு வேண்டுமானால் ஒற்றைப் பகடையாக உருட்டலாம்.

பித்தளைக்குக் குறை இல்லாமல் இல்லை. வார்த்து அரத்தால் ராவியதில் குறுக்குவெட்டு சரியான சதுரமாக வராவிட்டால், அகலமான பக்கம் அடிக்கடி படியும். கை பழகியவர்கள் உருட்டாமல் தரையோடு சறுக்கி, வேண்டியதை வைத்துவிடவும் முடியும். அதற்குத்தான் அப்பத்தா அதட்டுவார்கள்: “உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சு உருட்டுடா, தள்ளாதே.” தள்ளியது தெரிந்தால் அந்தப் போடு செல்லாது. அங்கே ரப்பர் சுவர் செய்யும் வேலையை இங்கே சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கண் செய்கிறது. எனக்கு இந்தக் காவல் போதும்.

சோழியும் எனக்குப் பிடிக்கும். ஆறு சோழியைக் குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்த்து விழுந்ததை எண்ணுவோம். எல்லாம் கவிழ்ந்தால் 12. ஆனால் எந்தச் சோழியும் பாதிக்குப் பாதி விழாது, ஒவ்வொன்றின் முதுகும் ஒரு மாதிரி. குழந்தைகளோடு ஆட நல்லது, வீம்பு பிடித்து ஆட உதவாது.

இதே சிவகங்கை மாவட்டத்தின் கீழடியில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. அந்த நாளிலும் யாரோ “தள்ளாதே” என்று சத்தம் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

புதிதாகக் கட்டை வாங்குபவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். போகும்போது வெர்னியர் அளவுகோலைக் கொண்டு போங்கள். நான்கு பக்கமும் ஒரே அகலமா என்று பாருங்கள். அப்புறம் வீட்டில் நூறு முறை உருட்டி எழுதுங்கள். தாயம் 12, 13 தடவையை ஒட்டியும், மூன்று 25-ஐ ஒட்டியும் வர வேண்டும். இரண்டு மூன்று கூடக் குறைய வருவது இயல்பு, தாயம் 25 முறை விழுந்தால் சந்தேகப்படலாம். அப்பத்தாவின் கட்டையில் 14 விழுந்தது. இந்த ஏகாதசிக்கு அதைத்தான் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறோம்.