கட்டி சார்க்கா, தெர்மோபைலியா?

கிளிப்பர் கப்பல் (வேகத்துக்கென்றே கட்டிய பாய்மரக் கப்பல்) என்றாலே லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைத் தோற்கடித்த தெர்மோபைலியின் பெயரைச் சொன்னால், "அது யார்?" என்று கேட்பார்கள். எனக்கு இதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு.

அளவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்: நீளம் சுமார் 212 அடி, அகலம் 36 அடி. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை அறைந்து கட்டியவை. இந்தக் கலப்புக் கட்டுமானத்துக்குக் காரணம் உண்டு. இரும்பு உடலில் செம்புக் கலவைத் தகட்டை நேராக அறைந்தால் உப்புநீரில் இரும்பு அரித்துப்போகும். தகடு இல்லாவிட்டால் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையும். நடுவே மரம் இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கட்டி சார்க்கின் மேல்பகுதிப் பலகை தேக்கு. அந்த மரத்துக்கான ஆங்கிலப் பெயரே நம் பக்கத்துத் 'தேக்கு' போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனதுதான்.

வேறுபாடு உடல்வாகில் இருந்தது. 1868இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கட்டப்பட்ட தெர்மோபைலியை வரைந்தவர் பெர்னார்ட் வேமத். மென்காற்றிலும் நீரை வழுக்கிக்கொண்டு போகும் உடல் அதற்கு. ஏற்றிய மெழுகுவர்த்தி அணையாமல் தளத்தைச் சுற்றி வரலாம், கப்பலோ ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று மாலுமிகள் பெருமையடிப்பார்களாம். கதைதான், ஆனால் எதைப் பற்றிய பெருமை என்பதைக் கவனியுங்கள்.

மறுவருடம் டம்பார்டனில் ஹெர்குலிஸ் லின்டன் வரைந்த கட்டி சார்க்கின் அமரம், அதாவது பின்பகுதி, சற்றுப் பருத்தது. முகப்போ, முதலாளி ஜான் வில்லிஸுக்குப் பிடித்த 'தி ட்வீட்' என்ற கப்பலின் சாயல். அந்தத் 'தி ட்வீட்' பம்பாய்க் கப்பல்துறையில் பார்சி தச்சர்கள் கட்டியது. பின்னால் துரத்தி வரும் பேரலையில் அமிழாமல் பாய்களைச் சுமந்து ஓட கட்டி சார்க்கின் பருத்த அமரம் உதவியது. டன்னுக்கு 17 பவுண்டு என்ற கறாரான ஒப்பந்தத்தில் கட்டிய நிறுவனம் திவாலாகி, மிச்ச வேலையை வேறொரு நிறுவனம் முடித்தது தனிக்கதை.

இப்போது எல்லோரும் சொல்லும் 1872 பந்தயம். ஜூனில் இரண்டும் ஷாங்காயிலிருந்து தேயிலையோடு கிளம்பின. ஆகஸ்ட் 15 அன்று கட்டி சார்க் சுமார் 400 கடல் மைல் முன்னால் இருந்தபோது புயலில் சுக்கான் பறிபோனது. கப்பலில் இருந்த முதலாளியின் தம்பி, தென்னாப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கச் சொன்னார். மூடி என்ற பெயருடைய கேப்டன் மறுத்துவிட்டார். ஆடும் தளத்திலேயே கொல்லுலை மூட்டி, கிடைத்த மரத்தையும் இரும்பையும் வைத்துத் தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் மாற்றுச் சுக்கான் செய்தார். தெர்மோபைலி 115 நாளில் லண்டன் சேர்ந்தது. கட்டி சார்க் 122 நாளில். தோற்ற கப்பலுக்கே கைதட்டல் அதிகம்.

என் கணக்கில் அந்தப் பந்தயம் எதையும் நிரூபிக்கவில்லை. சீனத்திலிருந்து வரும் தேயிலைப் பாதையில் ஓய்ந்த காற்றும் சில்லறைக் காற்றும் அதிகம். அங்கே தெர்மோபைலிக்கே என் ஓட்டு: 1869இல் ஃபூச்சோவிலிருந்து 91 நாளில் வந்தது அது. கட்டி சார்க் தேயிலையோடு 100 நாளுக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

பிறகு சூயஸ் கால்வாய் ஆட்டத்தையே கலைத்தது. கட்டி சார்க் நீரில் இறங்குவதற்கு ஐந்தே நாள் முன்பு, 1869 நவம்பர் 17இல், திறந்த கால்வாய் அது. நீராவிக் கப்பல்கள் தேயிலையைப் பறித்துக்கொள்ள, இரண்டுக்கும் ஆஸ்திரேலியக் கம்பளி வாணிபமே மிஞ்சியது. அங்கே 'உறுமும் நாற்பதுகள்' எனப்படும் தென்கடலின் முரட்டு மேற்குக்காற்று. பருத்த அமரத்துக்கு வேலை வந்தது. 1885இல் கேப்டன் உட்ஜெட் சிட்னியிலிருந்து 73 நாளில் கட்டி சார்க்கைக் கொண்டுவந்து, பழைய எதிரியை ஏறத்தாழ ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளினார். 1889இல் பிரிட்டானியா என்ற நீராவிக் கப்பலையே இரவில் முந்தினார்கள்.

ஆக, கம்பளிக்குக் கட்டி சார்க், தேயிலைக்குத் தெர்மோபைலி.

கடைசியில் இரண்டுமே போர்த்துகீசியர் கைக்குப் போயின. கட்டி சார்க்கை 1922இல் ஓர் ஆங்கிலேய கேப்டன் திரும்ப வாங்கினார். தெர்மோபைலியைப் போர்த்துகீசியக் கடற்படை 1907இல் தன் நாட்டின் காஷ்காய்ஷ் கரைக்கு அப்பால் இழுத்துச் சென்று, மரியாதை செலுத்தி, டார்பிடோவால் மூழ்கடித்தது.